திமிங்கிலத்துக்கு வழி விடுவோம்

நபி யூனுஸ் (அலை) அவர்களைப் பெரிய மீன் விழுங்கிய சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காத உம்மாமார் நம்மில் யார்தான் இருக்கிறோம்? இரவின் இருள், கடலின் இருள், மீன் வயிற்றின் இருள் என்று மூன்று இருள்களையும் விரலை மடக்கி எண்ணிக் காட்டும்போது பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் இளைய மகன் மட்டும் இடையில் கேட்டான்.

"அந்த மீன் இப்பயும் கடல்ல ஈக்குதா உம்மா?"

அல்குர்ஆன் அதை 'ஹூத்' என்று சொல்கிறதே தவிர, இன்ன இனம் என்று குறிப்பிடவில்லை. ஆனாலும் அவ்வளவு பெரிய உயிர்கள் நமது கடலிலேயே உண்டு என்று சொன்னேன். அவன் விடவில்லை. ராத்தா வாழ்க்கைப்பட்டிருப்பது வெலிகமையில். அங்கிருந்து மிரிஸ்ஸாவுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். அந்த வருட டிசம்பர் விடுமுறைக்கு அங்கே போனோம். ஸுபஹைத் தொழுதுவிட்டுப் படகுத்துறைக்குப் புறப்பட்டோம்.

சகோதரிகளே, அன்று நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு தூரத்தில் ஒரு வெண்புகை எழுந்தது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு! அதைக் கண்டதும் எங்கள் படகு பாய்ந்தது. நாலா பக்கத்திலிருந்தும் வேறு படகுகள் பாய்ந்து வந்தன. ஆறோ ஏழோ இருக்கும். படகில் இருந்தவர்கள் எல்லாரும் "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று சத்தமிட்டார்கள். நானும்தான் சத்தமிட்டேன். காசு கொடுத்து வந்திருக்கிறோம், பிள்ளைகள் சரியாகப் பார்க்க வேண்டாமா என்ற நினைப்பு. பக்கத்தில் சிறிதாக இன்னொரு முதுகு தெரிந்தது. குட்டி! அதைக் கண்டதும் கூச்சல் இரட்டிப்பானது. மறு நிமிடம் இரண்டும் அமிழ்ந்துவிட்டன. படகோட்டி அது போன திசையைக் கணக்குப் பண்ணித் திரும்பவும் விரட்டினார். மேலே வந்ததும் வராததுமாகத் தாயும் குட்டியும் மறுபடி அமிழ்ந்தன.

ராத்தா என் கையைப் பிடித்தா. "மூச்சு வாங்க வந்த தாயையும் புள்ளையையும் நாம விரட்டிக்கொண்டு ஈக்குறோமே, இது பாவமில்லையா?" என்று கேட்டா. எனக்கு அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பிரயாணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து அதை நோகடித்தவர் யார் என்று விசாரித்து, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். அந்தப் பறவை உள்ளங்கையில் அடங்கும். நாங்கள் விரட்டியதோ நூறு தொன்னை நெருங்கும் ஒரு தாய். தவிப்பில் என்ன வித்தியாசம்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நமது கடலின் நிரந்தரவாசி

அல்லாஹ்வின் படைப்பில், நாமறிந்தவற்றுள், ஆகப் பெரிய உடல் நீலத் திமிங்கிலத்துடையது. தென்துருவக் கடலில் உள்ளவை முப்பது மீற்றர் வரை வளரும். நமது கடலில் உள்ள வகை கொஞ்சம் சிறியது; இருபத்துநான்கு மீற்றர் வரை. அதுவே இரண்டு பஸ் வண்டிகளின் நீளம். மீன் என்று நாம் சொன்னாலும் அது மீனல்ல. நம்மைப் போல் சுவாசப்பையால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதம் சுமக்கிறது. குட்டி நாளொன்றுக்கு இருநூறு லீற்றர் அளவில் பால் குடிக்குமாம், ஸுப்ஹானல்லாஹ்! இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான் பிறக்கும். ஒரு தாய் செத்தால் அந்த இழப்பு ஈடாக எத்தனை காலமாகும் என்பதைப் பெண்களாகிய நமக்கு விளக்கத் தேவையில்லை.

மற்றைய கடல்களில் இவை குளிர்ந்த பகுதியில் உண்டு கொழுத்து, வெப்பமான பகுதிக்குப் போய்க் குட்டி போடும் என்றுதான் அறிஞர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதை மாற்றி யோசிக்க வைத்தவர் நமது நாட்டுப் பெண் ஒருவர், கலாநிதி ஆஷா டி வொஸ். 2003ஆம் ஆண்டு 'ஒடிசி' என்ற ஆய்வுக் கப்பலில், படிப்பை முடித்த கையோடு, சாதாரணத் தொழிலாளியாக ஏறினார். இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் கூட்டமாக நிற்பதையும், கடல்மேல் சிவப்பாக ஏதோ மிதப்பதையும் கண்டார். அது என்ன தெரியுமா? திமிங்கிலத்தின் மலம்! வாசகிகள் முகஞ்சுளிக்க வேண்டாம். விடயமே அதில்தான் இருக்கிறது. மலம் இருந்தால் அங்கே சாப்பாடு நடக்கிறது என்று அர்த்தமல்லவா? கூனி போன்ற சிறு இறால்களைத் தின்று, இங்கேயே பெருகி, வருடம் முழுவதும் இந்தப் பக்கத்துக் கடலிலேயே வாழும் கூட்டம் இது என்று பின்னர் தெரிய வந்தது. தென்துருவத்துக்குப் போவதில்லை. ஆகவே இவற்றுக்கு ஓர் ஆபத்து வந்தால் ஓடி ஒளிய வேறு வீடு இல்லை.

அந்த மலத்தில் இரும்புச் சத்து உண்டு. கடலின் நுண்ணிய தாவரங்களுக்கு அது பசளை. அவற்றைத் தின்று சிறு உயிர்கள் பெருகும், சிறு உயிர்களைத் தின்று மீன்கள் பெருகும். பேருவளையிலும் மருதமுனையிலும் கடலை நம்பி அடுப்பெரியும் வீடுகளுக்கு இதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

இவற்றுக்கு ஏற்கெனவே ஒரு பேரிடி விழுந்தும் இருக்கிறது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலிலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் சுமார் 1300 நீலத் திமிங்கிலங்களைக் களவாகக் கொன்றன. வெளியுலகுக்கு அது தெரிய வந்ததே பல வருடங்களுக்குப் பின்னர்தான். 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. 1986இல் உலகெங்கும் வியாபார வேட்டைக்குத் தடை வந்தது. அந்தத் தடை மேலிருந்து தானாக விழுந்ததல்ல. 1970இல் ரொஜர் பெய்ன் என்ற அறிஞர் கூனல் திமிங்கிலங்களின் ஓசையைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட, கடலையே காணாத குடும்பங்கள்கூட அதைக் கேட்டுக் கடிதம் எழுதின, ஊர்வலம் போயின. அதே பெய்ன் ஸ்தாபித்த நிறுவனத்தின் கப்பல்தான் முன்பு சொன்ன 'ஒடிசி'.

பதினைந்து கடல் மைல்

இன்று ஈட்டியால் குத்த யாரும் வருவதில்லை. கப்பல் வருகிறது.

தெவிநுவர முனைக்குத் தெற்கே, கிழக்காசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கப்பல் பாதை போகிறது. நாளொன்றுக்கு நூறு கப்பல்கள் அளவில் கடக்கும் பாதை. சீனாவிலிருந்து வரும் நமது வீட்டுச் சுடுதண்ணீர்ப் போத்தலும், மலேசியாவின் பாமொயிலும் இப்படி வந்தவைதான். அந்தப் பக்கத்தில் கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. திமிங்கிலத்துக்கு இரை நிறைந்த இடமும் அதுவே. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. வெளிநாட்டில் நடந்த ஆய்வொன்றில், பெரிய கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் விலகுவதில்லை, மெல்ல அமிழ மட்டுமே பார்க்கிறது என்று கண்டிருக்கிறார்கள். இத்தனை காலமாகத் தன்னைவிடப் பெரிய ஒன்று எதிரே வந்து பழக்கமில்லாத உயிர், பாவம்!

2012ஆம் ஆண்டு மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்மூக்கில் நீலத் திமிங்கிலமொன்று செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்படித் துறைமுகம்வரை வந்து சேருபவை சில. அடிபட்டு ஆழத்தில் போய்விடுபவையை யார் கணக்கெடுப்பது?

மாத்தறை ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சில வெளிநாட்டு அமைப்புக்களும் சேர்ந்து 2014, 2015ஆம் ஆண்டுகளில் அந்தக் கடலைக் கோடு கோடாக அளந்தார்கள். ஆய்வுக்குப் போனது பெரிய கப்பலல்ல, திமிங்கிலம் காட்டும் ஒரு படகு! விடை எளிமையாக வந்தது. கப்பல் பாதையைப் பதினைந்து கடல் மைல், அதாவது இருபத்தெட்டுக் கிலோமீற்றர் அளவில், தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும். ஆயிரக்கணக்கான மைல் ஓடும் கப்பலுக்கு அது ஒரு வளைவு. பாதையை அதிகாரபூர்வமாக மாற்ற வேண்டுமானால் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் நாடு கேட்க வேண்டும். அதற்குக் காத்திராமல், உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் கம்பனிகளில் ஒன்றான எம்.எஸ்.சி, 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே நகர்த்திக்கொண்டது. ஆய்வாளர்களும் அமைப்புக்களும் ஓயாமல் எழுதிக் கேட்டதன் பலன் இது.

இதில் சமையலறையில் நிற்கும் நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கப்பலைத் திருப்ப நம்மால் முடியாதுதான். ஆனால் கப்பல் பதினைந்து கடல் மைல் விலகலாம் என்றால், நாம் வாடகைக்கு எடுக்கும் படகு நூறு மீற்றர் விலகக் கூடாதா? அது முழுக்க முழுக்க நமது கையில் இருக்கிறது. 2012இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி திமிங்கிலத்தை நூறு மீற்றருக்குள் படகு நெருங்கக் கூடாது. சட்டம் கடலில் நிற்பதில்லை, படகோட்டி மட்டும்தான் நிற்கிறார். அவர் கெட்டவரல்ல. கிட்டக் கொண்டுபோனால் சந்தோஷக் காசு கிடைக்கும், தள்ளி நின்றால் முகம் கோணும் என்று நாம்தான் அவருக்குப் பழக்கியிருக்கிறோம். ஆகவே காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? வேறு படகுகள் சூழ்ந்திருந்தால் விலகி நிற்பீர்களா? இவ்வளவுதான். பத்துக் குடும்பம் கேட்டால் துறையில் பேச்சாகும்.

கைகொடுக்க வேண்டிய இடம்

விலகி நிற்பதே எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. 2020 நவம்பர் 2ஆம் திகதி பாணந்துறைக் கடற்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. இவை அருகிவரும் இனமல்ல என்றாலும், தாய்வழிக் குடும்பமாக வாழ்பவை. குட்டி போடும் வயது கடந்த பாட்டிமாரும் கூட்டத்தில் பல வருடம் வாழ்வார்கள். ஒன்று கரைக்கு வந்தால் மற்றவை விட்டுப் போக மாட்டா. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் சுமார் 470 ஒதுங்கி, பெரும்பாலானவை இறந்திருந்தன. பாணந்துறையிலும் அதுவே நடக்கும் என்று பயந்தார்கள்.

கொரோனா ஊரடங்கு அமுலில் இருந்த நாள் அது. ஆனாலும் ஊர் இளைஞர்கள் கடலில் இறங்கினார்கள். கடற்படையினரும் கரையோரப் பாதுகாப்புப் படையினரும் சேர்ந்துகொண்டார்கள். தள்ளிவிட்டால் அலை திரும்பக் கொண்டுவந்து போடும், திரும்பவும் தள்ளுவார்கள். இரவு முழுக்க அதே வேலை. விடியும்போது சுமார் 120 திமிங்கிலங்கள் ஆழ்கடலுக்குத் திரும்பியிருந்தன. இறந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். பயிற்சி பெற்றவர்களா அவர்கள்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிய சாதாரண மனிதர்கள்.

கடற்கரையோரம் வாழும் வாசகிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். திமிங்கிலமோ டொல்பினோ உயிருடன் ஒதுங்கினால் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ அறிவியுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் பொலிஸ் 119. அவர்கள் வரும்வரை அதன் உடம்பு காயக் கூடாது. பழைய படுக்கை விரிப்பு, சாரம், துவாய் எது இருந்தாலும் நனைத்துப் போர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தலைக்கு மேல் உள்ள மூச்சுத் துவாரத்தை மட்டும் மூடிவிடாதீர்கள், அதற்குள் தண்ணீரும் மணலும் போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுத்தால் எலும்பு முறியும். கூட்டத்தையும் நாய்களையும் அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளை ஏற்றிப் படமெடுக்கும் பைத்தியக்காரத்தனம் வேண்டாம். அது வால் அடித்தால் ஆள் பிழைக்க மாட்டார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமி ஒரு கேள்வி போட்டார். "கடல்ல உள்ளது ஹலால்தானே? ஸஹாபாக்களே தின்னயே?" நியாயமான கேள்வி. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கரையோரம் போன படை, பேரீச்சம்பழமும் தீர்ந்து இலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தபோது, கடல் 'அன்பர்' என்ற மாபெரும் மீனைக் கரையில் போட்டது. பல நாள் அதைச் சாப்பிட்டார்கள். அதன் விலா எலும்பை நிமிர்த்தி வைத்து, ஒட்டகத்தில் ஏறிய மனிதர் அதன் கீழே கடந்து போனார். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் மாமி, அது பட்டினி கிடந்தவர்களுக்குக் கடல் கொண்டுவந்து கொடுத்த ரிஸ்க். யாரும் விரட்டிக் கொல்லவில்லை. ஹலால் என்பதற்காக ஊரிலுள்ள பசுவை எல்லாம் ஒரே நாளில் அறுத்துவிடுகிறோமா? மாமி சிரித்துவிட்டார். சட்டத்தைப் பொறுத்தவரை, திமிங்கிலம் நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட பிராணி.

இனி வீட்டுக் குப்பை. 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வகாதோபி தீவுப் பக்கம் செத்து ஒதுங்கிய ஒரு ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் வயிற்றில் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் இருந்தது. எண்ணிப் பார்த்தார்கள்: 115 கோப்பைகள், 25 பைகள், இரண்டு இறப்பர்ச் செருப்புக்கள். சாவுக்கு அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு உடல் அழுகியிருந்தது. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள், ஒரு கலியாண வீட்டு மறுநாள் குப்பை போல இல்லையா? நமது சவன் சாப்பாட்டில் ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைப்போம். அதற்குப் பக்கத்திலேயே ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பை எப்படி வந்து சேர்ந்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கடற்கரைக்குச் சாப்பாடு கட்டிப் போகும்போது சிலி சிலி பேக்குகளை எண்ணிக் கொண்டுபோய், எண்ணிக் கொண்டுவாருங்கள். கணவர் கடற்றொழில் செய்பவரானால், கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஸதகா என்று படித்திருக்கிறோம். கடலும் ஒரு பாதைதானே.

போன வருடம் மறுபடியும் மிரிஸ்ஸா போனோம். இம்முறை ராத்தா துறையில் நின்று மூன்று படகுக்காரரிடம் விசாரித்தா. இருவர் "கிட்டவே காட்டுகிறோம்" என்றார்கள். மூன்றாமவர், தள்ளித்தான் நிறுத்துவேன், பிறகு காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று கொஞ்சம் முறைப்பாகவே சொன்னார். அவருடைய படகில் ஏறினோம். மூச்சு எழுந்ததும் அவர் வேகத்தைக் குறைத்து, தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டார். ஒரே அமைதி. அப்போதுதான் முதன்முதலாக அந்த மூச்சின் சத்தத்தைக் கேட்டோம். புகை எழுந்து ஒரு கணம் கழித்து, கனமான பெருமூச்சாக அது வந்து சேர்ந்தது. மூன்று நான்கு தடவை ஆறுதலாக மூச்சு வாங்கிவிட்டு, வாலை உயர்த்தி இறங்கிப் போனது.

மூத்த மகள் அந்த வாலைப் படமெடுத்தாள். வாலின் விளிம்பிலும் முதுகின் புள்ளிகளிலும் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் தனி அடையாளம் உண்டாம், நமது கைரேகை மாதிரி. சாதாரண மக்கள் எடுக்கும் படங்களைச் சேர்த்து, எது எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் 'ஹேப்பிவேல்' என்ற அமைப்பு இருக்கிறது. திகதியும் இடமும் எழுதி மகள் அதற்கு அனுப்பி வைத்தாள். பிரதி ஒன்றைச் சின்னவன் தன் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறான். தூரத்திலிருந்து எடுத்ததால் கடலுக்கு மேல் ஒரு சிறு கறுப்புக் கீறல்தான் தெரியும். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்க மகன், எங்க ஈக்குது?" என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.